குப்பைமேட்டு வாயு: நாறுவது மீத்தேன் இல்லை

சென்னையில் துரைப்பாக்கத்திலிருந்து பல்லாவரம் போகும் ரேடியல் சாலையில் போய் வந்தவர்களுக்கு அந்த இடம் தெரியும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைத் தாண்டும்போது தண்ணீர், நாணல், நாலைந்து கொக்கு எல்லாம் கண்ணுக்குத் தெரியும். அப்புறம் காற்று திரும்பும். ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்திருக்கும் எல்லோரும் சொல்லிவைத்ததுபோல் துப்பட்டாவையோ கைக்குட்டையையோ மூக்கில் வைப்பார்கள். ஒருநாள் ஓட்டுநர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: “பெருங்குடி குப்பை சார். மீத்தேன் கேஸு. இன்னிக்கு ஜாஸ்தி.”

அவர் மட்டுமில்லை, தொலைக்காட்சி விவாதங்களிலும் இதையேதான் சொல்கிறார்கள். குப்பைமேடு என்றால் மீத்தேன், மீத்தேன் என்றால் நாற்றம், நாற்றம் என்றால் விஷம். இந்த மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டார்கள். மீத்தேனுக்கு வாசனையே கிடையாது. நாறுவது வேறு. உடம்புக்குக் கெடுதல் செய்யக்கூடியது, பல நேரங்களில், அந்த நாறுவதும் இல்லை, இன்னொன்று. முடிச்சை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பார்ப்போம்.

பெயரில் இருந்து தொடங்குவோம்

‘ஆவியாகும் கரிமச் சேர்மங்கள்’ என்பது பாடப்புத்தகப் பெயர். ஆங்கிலச் சுருக்கத்தில் வி.ஓ.சி. என்பார்கள். அந்த மூன்று எழுத்தைக் கேட்டதும் நமக்குத் தூத்துக்குடித் துறைமுகமும் கப்பலோட்டிய தமிழரும்தான் நினைவுக்கு வருவார்கள். அதனால் இங்கே அவற்றை ‘ஆவிச்சேர்மங்கள்’ என்றே சொல்லிக்கொள்கிறேன். கரிம அணுக்களை முதுகெலும்பாகக் கொண்டு, சாதாரண வெப்பநிலையிலேயே காற்றில் கலந்துவிடக்கூடிய பொருள்கள் என்று பொருள்.

பீரோவில் துணிக்கு நடுவே போடும் பாச்சை உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதை யாரும் சூடாக்குவதில்லை. ஆனாலும் ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் கோலிக்குண்டு அளவில் இருந்தது மிளகு அளவில் கிடக்கும். மிச்சம் எங்கே போயிற்று? காற்றில்தான். நாஃப்தலீன் என்ற அந்தப் பொருள் கொதிக்க 218 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆவியாக அதெல்லாம் வேண்டாம், நம் வீட்டு வெயிலே போதும். கொடியில் காயும் வேட்டியிலிருந்து தண்ணீர் கொதிக்காமல் போவது மாதிரி.

நகப்பூச்சு கழுவும் திரவம், பெயின்ட் தின்னர், பெட்ரோல், ஆரஞ்சுத் தோலைக் கிள்ளும்போது கண்ணில் தெறிக்கும் எண்ணெய் எல்லாமே ஆவிச்சேர்மங்கள்தான். இந்தப் பட்டியலில் கெட்டதும் உண்டு, தீங்கில்லாததும் உண்டு. ‘ஆவிச்சேர்மம்’ என்ற சொல்லே ஆபத்தைக் குறிப்பதில்லை.

மீத்தேனிலும் கரிமம் இருக்கிறது, அதுவும் வாயுதானே, அதை ஏன் இந்தக் கூட்டத்தில் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு ஒரு கதை உண்டு. 1950களில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துப் புகைமூட்டம் எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் புரியவில்லை. அன்னாசிப்பழத்தின் வாசனையை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர்தான் விடை சொன்னார். வாகனங்களும் சுத்திகரிப்பு ஆலைகளும் விடும் கரிம ஆவிகள், நைட்ரஜன் ஆக்சைடுகளோடு வெயிலில் வினைபுரிந்து, தரைமட்டத்தில் ஓசோனை உண்டாக்குகின்றன. ஆவிச்சேர்மங்களைச் சட்டம் கண்காணிக்கத் தொடங்கியது முதலில் இந்த ஓசோனுக்காகத்தான். மீத்தேன் அந்த வினையில் மிகமிக மெதுவாகத்தான் கலந்துகொள்ளும். பத்தாண்டு அளவுக்குக் காற்றில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் அதைப் பட்டியலிலிருந்து விலக்கிவிட்டார்கள். புவி வெப்பமாவதில் அதன் பங்கு பெரிது, ஆனால் அது வேறு கணக்கு.

இதுவரை: ஆவிச்சேர்மம் என்றால் கொதிக்காமலே காற்றில் கலக்கும் கரிமப் பொருள். மீத்தேன் அந்தக் கணக்கில் வராது.

மேட்டுக்குள் என்ன நடக்கிறது

இட்லி மாவு அரைத்து இரவு மூடி வைக்கிறோம். காலையில் பொங்கி, மூடியைத் தூக்கிக்கொண்டு நிற்கும். திறந்ததும் புளிப்பு வாசம் முகத்தில் அடிக்கும். நுண்ணுயிர்கள் மாவில் உள்ள சர்க்கரையைத் தின்று, கார்பன் டை ஆக்சைடையும் அமிலங்களையும் விட்டிருக்கின்றன. குப்பைமேட்டின் தொடக்க நாட்களும் ஏறக்குறைய இதுதான். கொட்டிய குப்பையில் இருக்கும் கொஞ்ச நஞ்ச ஆக்சிஜன் முதலில் தீர்ந்துபோகும். பிறகு புளிக்கும் கட்டம்.

மாவை நாம் அடுத்த நாள் ஊற்றிவிடுகிறோம். குப்பை அப்படியே கிடக்கிறது, அதன் மேல் இன்னும் நூறு லாரி விழுகிறது. ஆக்சிஜன் எட்டாத ஆழத்தில், அந்தப் புளிப்பையே தின்று மீத்தேன் விடும் இன்னொரு வகை நுண்ணுயிர்கள் தலையெடுக்கும். அவை நிலைபெற்றுவிட்டால் பல ஆண்டுகளுக்கு நிற்காது. அந்தக் கட்டத்தில் மேட்டுக்குள் இருக்கும் வாயுவில் மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும் ஏறத்தாழ பாதிக்குப் பாதி. நாம் பேச வந்த ஆவிச்சேர்மங்கள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் பொதுவாக 1 சதவீதத்தைக்கூடத் தொடாது.

அவ்வளவு குறைவா என்று தோன்றும். ரசத்தில் போடும் பெருங்காயமும் அவ்வளவுதான்.

ரசமும் தைலமும்

ரசம் நுரைகட்டும்போது எழும் ஆவி வெறும் தண்ணீர். தண்ணீருக்கு வாசனை இல்லை. ஆனால் அந்த ஆவிதான் பெருங்காயத்தையும் பூண்டையும் கூடத்தில் உட்கார்ந்திருப்பவர் மூக்குவரை கொண்டுபோகிறது. நீலகிரியில் யூகலிப்டஸ் தைலம் காய்ச்சும் கொட்டகைகளில் இதையே தொழிலாகச் செய்கிறார்கள். இலையை அண்டாவில் போட்டு அடியில் தீ மூட்டுவார்கள். தைலத்தின் முக்கியப் பொருளான சினியோல் கொதிப்பது 176 டிகிரியில். அண்டாவுக்குள் நீராவி இருப்பதோ 100 டிகிரிக்குள்தான். ஆனாலும் தைலம் வெளியே வந்துவிடுகிறது, நீராவியோடு தொற்றிக்கொண்டு.

குப்பைமேட்டில் நீராவிக்குப் பதில் மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும். இரவு பகலாக ஊறும் அந்த வாயு, வெளியேற வழி தேடிக் குப்பையின் இடுக்குகளில் நகர்கிறது. வழியில் காலி பெயின்ட் டப்பா, பாதி தீர்ந்த கொசு மருந்து, அழுகிய எலுமிச்சைத் தோல் என எதன் மேல் உரசினாலும் அங்கே ஆவியாகி நிற்பதை வாரிக்கொண்டு போகும். பேருந்து மீத்தேன், படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வருபவை ஆவிச்சேர்மங்கள்.

பாச்சை உருண்டை ஒட்டிய பாக்கெட்டுக்குள் இருக்கும்வரை வருடக்கணக்கில் கரையாது. உள்ளே இருக்கும் துளிக் காற்று அதன் ஆவியால் நிரம்பிவிட்டால், அதற்கு மேல் ஆவியாக இடமில்லை. பீரோவில் வைத்தால், தினமும் கதவைத் திறந்து மூடுவதில் பழைய காற்று போய்ப் புதுக்காற்று வருகிறது, உருண்டை தேய்கிறது. குப்பைக்குள் அந்தக் கதவை விடாமல் திறந்து மூடுவது மீத்தேன் ஓட்டம். ஆகவே மீத்தேன் நிறைய ஊறும் மேட்டில் ஆவிச்சேர்மமும் நிறைய வெளியேறும். மீத்தேனைப் பிடித்துவிட்டால் கூடவே தொங்குபவையும் மாட்டிக்கொள்ளும்.

யாரும் கொட்டாத விஷம்

இந்தத் தொங்கல் பயணிகளில் மூன்று வகை. முதல் வகை நாமே கொட்டியது: பெயின்ட், பசை, பூச்சிமருந்து, வாசனைத் திரவியம், எண்ணெய்த் துணி. பென்சீன், டொலுயீன், சைலீன் போன்றவை பெரும்பாலும் இந்த வழியில் வருபவை. இரண்டாவது, அழுகலில் பிறப்பவை: ஆல்கஹால், அமிலங்கள், கந்தகம் கலந்த சேர்மங்கள். புதுக்குப்பை லாரியின் பின்னால் மாட்டிக்கொண்டால் அடிக்கும் புளித்த வீச்சம் இந்த வகை. பழத்தோலிலிருந்து வரும் லிமோனீனும் அதில் கலந்திருக்கும். அதே லிமோனீனைப் பாத்திரம் கழுவும் சோப்பில் ‘எலுமிச்சை மணம்’ என்று காசு கொடுத்து வாங்குகிறோம்!

மூன்றாவது வகைதான் விசித்திரம். கொட்டும்போது இல்லாதது, உள்ளே போய் உருமாறுவது. உலர்சலவைக் கடைகளில் பயன்படுத்தும் பெர்குளோரோஎத்திலீன் என்ற கரைப்பானில் நான்கு குளோரின் அணுக்கள் உண்டு. ஆக்சிஜன் இல்லாத இருட்டில் சில பாக்டீரியாக்கள் அதிலிருந்து ஒவ்வொரு குளோரினாகக் கழற்றும். நான்கு மூன்றாகும், மூன்று இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். அந்த ஒற்றைக் குளோரின் நிலையில் அதன் பெயர் வினைல் குளோரைடு. மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியாகத் தெரிந்த பொருள். அதையும் தாண்டிக் கடைசிக் குளோரினையும் கழற்றிவிட்டால் தீங்கில்லாத எத்திலீன், வாழைத்தாரைப் பழுக்க வைக்கும் அதே வாயு. ஆனால் அந்தக் கடைசிப் படியை எல்லா பாக்டீரியாவும் ஏறுவதில்லை. வினைல் குளோரைடு அங்கேயே தேங்கிவிடும். ஒரு பொருள் சிதைந்தால் தீங்கு குறையும் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது இங்கே தலைகீழாகிறது.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஃப்ரெஸ்னோ என்ற நகரம். குப்பையைப் பள்ளத்தில் வரிசையாகக் கொட்டி, அழுத்தி, அன்றன்றே மண் போட்டு மூடும் முறையை 1937-இல் அங்கே தொடங்கினார்கள். அந்நாட்டின் முதல் நவீனக் குப்பை நிரப்பிடம் என்று அதைச் சொல்வார்கள். ஐம்பது ஆண்டு ஓடியது. 1980களில் பார்த்தால், மேட்டைத் தாண்டி மண் வழியாக மீத்தேன் பக்கத்து நிலங்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. கூடவே வினைல் குளோரைடும் இருந்தது. 1989-இல் நாட்டின் மிக மோசமான மாசு இடங்களின் பட்டியலில் அதைச் சேர்த்தார்கள். 2001-இல் அதே இடத்தைத் தேசிய வரலாற்றுச் சின்னமாகவும் அறிவித்தார்கள். இரண்டு பட்டத்தையும் ஒருசேர வாங்கிய குப்பைமேடு அது.

சுருக்கமாக: சிலவற்றை நாம் கொட்டுகிறோம், சில அழுகலில் பிறக்கின்றன, சில உள்ளே உருமாறி வருகின்றன. எல்லாவற்றையும் வெளியே இழுத்து வருவது மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும்.

மூக்கை எவ்வளவு நம்பலாம்

சமையல் எரிவாயு கசிந்தால் ‘கேஸ் நாத்தம்’ அடிக்கும் அல்லவா? அந்த நாற்றம் எரிவாயுவுடையது இல்லை. கசிவு தெரியட்டும் என்று எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தைத் துளியளவு வேண்டுமென்றே கலக்கிறார்கள். நூறு கோடியில் ஒன்றிரண்டு பங்கு இருந்தாலே நம் மூக்கு பிடித்துவிடும். குப்பைமேட்டிலும் மூக்கைத் துளைப்பதில் இந்தக் குடும்பத்துக்குப் பெரும் பங்கு உண்டு. கூடவே அழுகிய முட்டை வாடையோடு ஹைட்ரஜன் சல்ஃபைடு. இதில் கரிமமே கிடையாது என்பதால் அது ஆவிச்சேர்மக் கணக்கில் வராது. நாற்றக் கணக்கில் மட்டும் முதல் வரிசை.

இப்போது வினைல் குளோரைடைப் பாருங்கள். அமெரிக்கத் தொழிற்கூடங்களில் எட்டு மணி நேர வேலைக்கு அனுமதித்த அளவு, காற்றில் பத்து லட்சத்துக்கு 1 பங்கு. அதை மூக்கு உணரவோ ஆயிரக்கணக்கான பங்கு வேண்டும். பென்சீனும் அப்படித்தான், மூக்குக்கு எட்டும் முன்பே அளவு மீறியிருக்கும். ஆக, பயங்கரமாக நாறும் நாளில் ஆபத்து குறைவாக இருக்கலாம், எதுவும் தெரியாத நாளில் கூடுதலாக இருக்கலாம். அதற்காக நாற்றத்தைச் ‘சும்மா வாடைதானே’ என்று தள்ளிவிடவும் முடியாது. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் நாற்றம் ஒன்றாலேயே வரும். அங்கே குடியிருப்பவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

பயத்துக்கும் ஒரு அளவு வேண்டும். நகரக் காற்றில் இருக்கும் பென்சீனில் பெரும்பகுதி பெட்ரோலிலிருந்தும் வாகனப் புகையிலிருந்தும் வருவது. நெடுஞ்சாலை ஓரத்துக் குப்பைமேட்டின் அருகே ஒருவர் அளந்து பென்சீன் இருக்கிறது என்றால், காற்று எந்தப் பக்கம் வீசியது, மேட்டுக்கு மறுபக்கம் எவ்வளவு இருந்தது என்று கேட்காமல் முடிவுக்கு வரக்கூடாது.

விடியற்காலையில் ஏன் அதிகம்

இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகிக் கீழே படிந்துவிடும். மேலே சூடான காற்று மூடிபோல நிற்கும். மேட்டிலிருந்து கசிவது கலைந்து போகாமல் தாழ்வாகப் பரவும். வெயில் ஏறினால் காற்று கிளறப்பட்டு வாடை மெலிந்துவிடும். வெளியேறும் அளவு கூடாமலே நாற்றம் கூடுவது இப்படி.

வெளியேறும் அளவே கூடுவதும் உண்டு. வளிமண்டல அழுத்தம் சட்டென்று குறையும்போது, உள்ளே அமுங்கியிருந்த வாயு சோடா பாட்டில் மூடியைத் திறந்தாற்போல் வெளியேறும். 1986 மார்ச்சில் இங்கிலாந்தின் லோஸ்கோ கிராமத்தில் அழுத்தம் வேகமாக இறங்கிய ஒரு நாளில், பக்கத்துக் குப்பை நிரப்பிடத்து மீத்தேன் மண்ணுக்குள் ஊர்ந்து ஒரு வீட்டுக்கடியில் சேர்ந்து வெடித்தது. வீடு தரைமட்டம், உள்ளே இருந்த மூவரும் காயத்தோடு தப்பினார்கள்.

மேலே போடும் மண்ணும் சும்மா மூடி இல்லை. மீத்தேனைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள் அதில் குடியிருக்கின்றன; போகிற போக்கில் சில ஆவிச்சேர்மங்களையும் சிதைக்கின்றன. ஆனால் மண் வெடித்துப் பிளந்தால் வாயு அந்தப் பிளவு வழியாகத்தான் போகும். நம்மூர்க் கிடங்குகளில் பெரும்பாலானவை வருடக்கணக்கில் மேலே மேலே கொட்டி வளர்ந்த திறந்த மேடுகள். அடியில் தடுப்பு விரிப்பும் இல்லை, உள்ளே வாயுக் குழாயும் இல்லை, மேலே ஒழுங்கான மண் போர்வையும் இல்லை.

எவ்வளவு என்று கணக்குப் போட்டால்

வீட்டுக் குப்பை மட்டும் கொட்டிய இடத்து வாயுவில், அளந்து பார்க்காத நிலையில், மீத்தேன் அல்லாத கரிமச் சேர்மங்கள் பத்து லட்சத்துக்கு 595 பங்கு என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு உத்தேச எண் வைத்திருக்கிறது. மணிக்கு 1,000 கன மீட்டர் வாயு விடும் ஒரு மேட்டுக்கு இதைப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 2 கிலோ சொச்சம். ஒரு நாளைக்கு 50 கிலோ, அதாவது ஒரு சிமென்ட் மூட்டை எடை. வருடத்துக்குச் சுமார் 18 டன். ‘1 சதவீதம்கூட இல்லை’ என்பதன் எடை இது. நம்மூர்க் குப்பையின் ஈரமும் சேர்மானமும் வேறு என்பதால் இந்த எண்ணை அப்படியே பெருங்குடிக்கு ஒட்டக்கூடாது.

அந்த முகமை 1996-இல் ஒரு விதி போட்டது. பெரிய குப்பை நிரப்பிடம் ஒன்று வருடத்துக்கு 50 டன்னுக்கு மேல் மீத்தேன் அல்லாத கரிமச் சேர்மங்களை விட்டால், குழாய் பதித்து வாயுவைச் சேகரித்தே ஆகவேண்டும். 2016-இல் புது இடங்களுக்கு அந்த வரம்பை 34 டன்னாகக் குறைத்தார்கள். மீத்தேன் இந்த அளவுகோலிலேயே இல்லை. ஆனால் பேருந்தை நிறுத்தாமல் தொங்குபவர்களை இறக்க முடியாதே.

எரிப்பதும் எரிவதும்

சேகரித்த வாயுவை என்ன செய்வது? எரிப்பதுதான் வழக்கம். ஃபிளேர் என்ற எரிகம்பத்தில், போதுமான காற்றோடு, உயர்ந்த வெப்பத்தில் எரித்தால் ஆவிச்சேர்மங்களில் 98 சதவீதம் அழியவேண்டும் என்பது அதே அமெரிக்க விதி. மின்சாரம் எடுக்க இயந்திரத்திலும் எரிக்கலாம். அதில் ஒரு வேடிக்கையான தொல்லை உண்டு. ஷாம்புவிலும் நறுமணப் பூச்சுகளிலும் வழவழப்புக்காகச் சேர்க்கும் சிலாக்சேன் என்ற சிலிக்கான் சேர்மங்களும் வாயுவோடு வந்துவிடும். எரிந்ததும் அவை சிலிக்காவாக, அதாவது நுண்மணலாக மாறும். இயந்திரத்தைக் கழற்றினால் பிஸ்டன் தலையில் சுண்ணாம்பு பூசியது மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்கும். என்றோ தலைக்குக் குளித்தவர் தூக்கிப்போட்ட சாஷேயின் மிச்சம்.

குப்பைமேடு தானாகத் தீப்பற்றுவது இதற்கு நேர் எதிர். 2022 ஏப்ரலில் பெருங்குடியிலும் 2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூரிலும் நாட்கணக்கில் புகைந்தது. அந்தத் தீக்குக் காற்று போதாது, சூடும் போதாது. பிளாஸ்டிக், ரப்பர், ஈரத்துணி எல்லாம் அரைகுறையாகக் கருகும்போது, இருந்த ஆவிச்சேர்மங்கள் அழிவதைவிடப் புதிதாகப் பென்சீனும் மற்றவையும் பிறப்பதுதான் அதிகம். பி.வி.சி. பிளாஸ்டிக் கருகினால் டையாக்சின் என்ற கொடிய நச்சும் வரும். ‘எரிஞ்சா தொலைஞ்சுது’ என்று சொல்பவர்கள் எரிகம்பத்தையும் குப்பைத் தீயையும் ஒன்றாக நினைக்கிறார்கள்.

எதை வைத்து அளப்பது

உள்ளிருந்த காற்றை உறிஞ்சியெடுத்து வெற்றிடமாக்கிய எஃகுக் குடுவைக்குள் மேட்டுக் காற்றை இழுத்து, ஆய்வகத்தில் சேர்மம் சேர்மமாகப் பிரித்துப் பார்ப்பது முறையான வழி. செலவு அதிகம். 2004-இல் கடலூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராமத்து மக்கள் ஆலைகளின் காற்றை வேறு மாதிரி பிடித்தார்கள். ஒரு பிளாஸ்டிக் வாளி, அதற்குள் வேதிப்பொருள் ஒட்டாத ஒரு பை, காற்றை உள்ளே இழுக்க ஒரு சிறு பம்ப். வீட்டுக்குள் வாடை வந்ததும் நேரத்தையும் காற்றுத் திசையையும் நோட்டில் எழுதிவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி, பையை நிரப்பி ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். எப்போது பிடிக்கவேண்டும் என்பதை மூக்கு சொன்னது. பைக்குள் என்ன இருந்தது என்பதை ஆய்வகத் தாள் சொன்னது.